வெளியாள் வந்து பார்த்தால் சிறு தொழிலுக்குப் பலன் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

சிந்தாமணி அப்பளம் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். மதுரை சிந்தாமணிப் பக்கம் அப்பளக் கம்பெனி நடத்துகிறோம். அப்பா வீட்டு மாடியில் தொடங்கியது. இப்போது தனி ஷெட், மாவு பிசைய மெஷின், தேய்க்கவும் பாக்கெட் போடவும் இருபது பெண்கள் என்று வளர்ந்திருக்கிறது. சரக்கில் பாதி கேரளாவுக்குப் போகிறது, மீதி ராமநாதபுரம், சிவகங்கை, தேனிப் பக்கம்.

விற்பனை வருஷா வருஷம் ஏறுகிறது. ஆனாலும் சனிக்கிழமை கூலி போடும்போது கை கடிக்கிறது. உளுந்து மண்டிப் பாக்கி இறங்கவே மாட்டேன் என்கிறது. எங்கே ஓட்டை என்று எனக்குப் பிடிபடவில்லை.

மைத்துனர் ஓட்டலில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார். கோட் போட்ட ஒருவர் மைக் பிடித்து மூன்று மணி நேரம் பேசினார். ஆறு மாத வகுப்பு, கட்டணம் 60,000 ரூபாய், வியாபாரம் இரட்டிப்பாகும் என்கிறார். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நாப்பது வருஷமா நான் பார்க்கிற தொழில். உளுந்தைத் தொட்டுப் பார்க்காத ஆளுக்கு இதுல என்ன தெரியும்?"

அப்பா சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் உண்மை. வெளியாள் ஒருவர் வழிகாட்டி உங்களில் யாருக்காவது தொழில் உண்மையிலேயே மேலே வந்திருக்கிறதா? அது எப்படிப்பட்ட ஆள்? பணம் கொடுத்தீர்களா? கணக்கு நோட்டைக் காட்டினீர்களா?

புதூர் லேத்:

தம்பி, அந்த அறுபதாயிரத்தைக் கட்டிவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

கோ.புதூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத், மில்லிங், இரண்டு சிஎன்சி வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். பெரிய கம்பெனி ஒன்றில் உற்பத்திப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வீட்டு மோட்டாருக்கு ஒரு புஷ் கடைந்து வாங்க வந்தார். வேலை முடியும் வரை நின்று வேடிக்கை பார்த்தார். போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நான் வந்ததிலிருந்து அந்த மூலை மெஷின் ஓடவே இல்லையே, ஏன்?"

ஆபரேட்டர் மைக்ரோமீட்டர் (நுணுக்கமாக அளவு பார்க்கும் கருவி) தேடிப் போயிருந்தார். ஷெட்டுக்கே ஒரு மைக்ரோமீட்டர்தான், மூன்று பேர் மாற்றி மாற்றி எடுப்பார்கள். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். அவர் ஒரு அட்டையைக் கிழித்து மெஷினில் தொங்கவிட்டு, "நின்றால் எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது, இரண்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள், அடுத்த வாரம் வருகிறேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்து அட்டையைப் பார்த்தால், ஆள் மெதுவாக வேலை செய்கிறான் என்று நான் நினைத்த நேரமெல்லாம் வேறு கணக்கில் இருந்தது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு செட்டிங் மாற்றும் நேரம், டிராயிங் வரக் காத்திருந்த நேரம், டூல் தேடிய நேரம், அளவு பார்க்கும் கருவிக்குக் காத்திருந்த நேரம். கரண்ட் போன நேரம் ரொம்பக் குறைவு. புது மெஷினுக்குக் கடன் கேட்டு வங்கிக்கு அலைந்துகொண்டிருந்த சமயம் அது. இரண்டு மைக்ரோமீட்டரும் டூல் மாட்ட ஒரு பலகையும் வாங்கியதோடு அந்தக் கடன் தேவைப்படாமல் போனது.

அப்புறம்தான் மெஷின் மணிக் கணக்குக்கு வந்தார். தேய்மானம், வட்டி, வாடகை, கரண்ட், ஆபரேட்டர் சம்பளம், டூல் செலவு எல்லாவற்றையும் கூட்டி, மெஷின் உண்மையிலேயே ஓடுகிற மணிக்கு வகுத்தால் ஒரு ரேட் வரும். புதூரில் பாதிப் பேர் கொட்டேஷன் போடுவது எப்படி? பக்கத்து ஷெட்காரர் பீஸுக்கு என்ன கேட்கிறார் என்று விசாரித்து ஐம்பது பைசா குறைத்துப் போடுவோம். ரேட் போட்டுப் பார்த்தபோது, எனக்கு அதிக வேலை கொடுக்கும் கஸ்டமரின் இரண்டு அயிட்டம் அடக்க விலைக்கும் கீழே இருந்தது. "இதை விட்டுவிடு" என்று அவர் சொல்லவே இல்லை. "இந்த வேலை இல்லையென்றால் அந்த மெஷினில் வேறு என்ன ஓடும்?" என்று கேட்டார். பதிலை நான்தான் தேடினேன். ஒன்றுக்கு விலை கூட்டிக் கேட்டு வாங்கினேன், இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்றுவரை காசு வாங்கியதில்லை. மாதம் ஒருமுறை வருவார், டீ குடிப்பார், அட்டையைப் பார்ப்பார். அட்டையைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்பதால்தான் நாங்கள் எழுதுகிறோம். அது பெரிய விஷயம் தம்பி.

மேலமாசி மெஸ்:

எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. எங்கள் அப்பா யாரிடமும் யோசனை கேட்டதில்லை. சாப்பிட்டவர் இலையில் என்ன மீதி வைக்கிறார் என்று பார்த்தே மெனுவை மாற்றுவார். கஸ்டமரை விடப் பெரிய வழிகாட்டி யார்? ஆலோசகர் என்று வருகிறவர்களுக்கு நட்டம் வந்தால் ஒன்றும் ஆகாது. ராத்திரி தூக்கம் போவது நமக்குத்தான்.

பல்கலை நகர்:

பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவன் நான், தொழில் நடத்தியதில்லை. ஆனால் இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். இழை தொடங்கியவருக்குப் பயன்படும் என்று தோன்றுவதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

முதலாவது நம் நாட்டிலேயே நடந்தது. மும்பையை ஒட்டிய தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் துணி நெய்யும் 17 நிறுவனங்களை எடுத்துக்கொண்டார்கள். சில ஆலைகளுக்கு ஐந்து மாதம் இலவசமாக ஆலோசகர்களை அனுப்பி, கூடவே இருந்து செய்ய வைத்தார்கள். மற்ற ஆலைகளுக்கு ஒரு மாதம் பார்வையிட்டதோடு சரி. ஆலோசகர்கள் செய்யச் சொன்னவை மிகச் சாதாரணமானவை: நூல் இருப்பைப் பதிவு செய்வது, துணியில் விழும் குறையை வகைவாரியாக எழுதுவது, மெஷின் நிற்பதைக் குறிப்பது, தரையைச் சுத்தமாக வைப்பது. புதூர் லேத் அண்ணன் அட்டையில் எழுதியது போலத்தான். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 விழுக்காடு கூடியது. புளூம் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய குழுவும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இது. இவ்வளவு நாள் ஏன் செய்யவில்லை என்று முதலாளிகளைக் கேட்டபோது, பலருக்கு அப்படி ஒரு முறை இருப்பதே தெரியவில்லை, தெரிந்தவர்களும் "நமக்கு அது வேண்டாம், லாபம் வருகிறதே" என்று இருந்துவிட்டார்கள். சோம்பலோ பணமின்மையோ முதல் காரணம் இல்லை.

இரண்டாவது கென்யாவின் நைரோபியில், டண்டோரா என்கிற உழைக்கும் மக்கள் பகுதியில் நடந்தது. புதிதாகச் சிறு தொழில் நடத்தும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு வகுப்பறைப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரை அதே ஊரில் பல காலம் தொழில் செய்து நிலைத்த பெண்களோடு இணைத்துவிட்டார்கள். வகுப்புக்குப் போனவர்களின் லாபம் கூடவில்லை. மூத்தவரோடு இணைந்தவர்களின் லாபம் சராசரியாக 20 விழுக்காடு கூடியது. காரணம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. சரக்கை எங்கே மலிவாக வாங்கலாம் என்பது போன்ற உள்ளூர்ச் சங்கதிகளை மூத்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்தத் தொடர்பு அறுந்த பிறகு பலனும் கரைந்துபோனது.

ஓட்டலில் மைக் பிடித்துப் பேசுவது வகுப்பறை வகை. மூலை மெஷின் ஏன் நிற்கிறது என்று கேட்டது வேறு வகை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

சுங்குடி வீடு:

மெஸ் அண்ணன் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. வெளியாளால் நட்டப்பட்டவர்களும் இருக்கிறோம், அதையும் பதிவு செய்கிறேன்.

நாங்கள் கட்டுச் சுங்குடி செய்கிறோம். துணியில் புள்ளி புள்ளியாக நூல் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பது. ஒரு சேலைக்கு முடிச்சுப் போடவே வீட்டுப் பெண்களுக்கு நாட்கணக்கில் ஆகும். ஒரு திட்டத்தின் மூலம் வடிவமைப்பு ஆலோசகர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து எல்லாம் பழைய நிறம், வெளிர் நிறத்துக்கு மாறுங்கள், சேலையைக் குறைத்து குஷன் உறை, துப்பட்டா போடுங்கள் என்றார். எங்கள் சேலையை வாங்குவது யார்? மதுரை வெயிலுக்கு மெல்லிய பருத்தி வேண்டும் என்கிற ஐம்பது வயதுப் பெண்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. குஷன் உறை இன்னும் பரணில் கிடக்கிறது.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கடுத்த வருஷம் கல்லூரியிலிருந்து ஒரு பெண் பயிற்சிக்கு வந்தாள். தொழில் ஒன்றும் தெரியாது. போனில் வரும் விசாரணைகளை எடுக்க உட்கார வைத்தோம். வாங்காமல் வைத்துவிட்டவர்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி என்ன என்று அவளாகவே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு கேள்விதான் திரும்பத் திரும்ப இருந்தது: சாயம் போகுமா, பிளவுஸ் துணி சேர்ந்து வருமா. உப்புத் தண்ணீரில் முதல் முறை எப்படி அலச வேண்டும் என்று ஒரு சீட்டு அச்சடித்துச் சேலையோடு வைத்தோம். பிளவுஸ் துணியைச் சேர்த்தே நெய்து வரும் சேலையாக எடுக்கத் தொடங்கினோம். வாட்ஸ்அப் விற்பனை அப்புறம்தான் சூடு பிடித்தது.

அந்த ஆலோசகருக்குப் பட்டம் இருந்தது, அனுபவம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. அவர் பதிலோடு வந்தார், அவள் கவனித்துவிட்டுப் பேசினாள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் அதைத்தான் பார்ப்பேன் தம்பி.

அண்ணாநகர் வாசி:

மதுரையில் இருந்துகொண்டு அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்லாமல் இந்த விவாதம் நடக்கலாமா? டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது அது. அறுவை சிகிச்சையை ஒரே தரத்தில் எண்ணிக்கையாகச் செய்வது எப்படி என்பதற்கு அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது மெக்டொனால்ட்ஸ் கடையை. மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத தொழிலிலிருந்து பாடம் எடுத்திருக்கிறார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அன்று வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வரவேண்டியிருந்தது. டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர் துணை நிற்க, 1992-ல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே தயாரித்தார்கள். அதே ஆண்டு லைக்கோ என்ற பயிற்சி நிறுவனத்தையும் தொடங்கினார்கள். இப்போது பிற கண் மருத்துவமனைகளுக்கு அவர்கள்தான் வெளியாள், போய்ப் பார்த்து வழி சொல்கிறார்கள்.

மேலமாசி மெஸ்:

அரவிந்தும் அப்பளக் கம்பெனியும் ஒன்றா சார்? அவர் பெரிய மனுஷர், எங்கே போனாலும் உதவி வரும். இருபது பேரை வைத்திருப்பவருக்கு யார் வருவார்?

அண்ணாநகர் வாசி:

அந்தக் கேள்வி சரிதான். 11 படுக்கையாக இருந்தபோதே அவர் வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார் என்பதற்காகத்தான் சொன்னேன்.

தெற்குவாசல் கணக்கு:

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். "எங்களுக்குத்தான் ஆடிட்டர் இருக்கிறாரே" என்று நிறைய முதலாளிகள் நினைக்கிறார்கள். நாங்கள் பார்ப்பது போன வருஷத்துக் கணக்கை, அதுவும் வரிக்காக. எந்தச் சரக்கில் லாபம், எந்த ஊர் பார்ட்டி எத்தனை நாளில் பணம் தருகிறார் என்பதெல்லாம் நீங்கள் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்போம். கேட்பவர்கள் குறைவு.

அப்பளத் தம்பிக்குச் சில குறிப்புகள். உங்கள் சரக்குக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் பாக்கெட் கவருக்கும் மெஷினுக்கும் நீங்கள் கட்டும் ஜிஎஸ்டி திரும்ப வராது. அது முழுக்க அடக்க விலையில் ஏறுகிறது. விலை போடும்போது சேர்த்திருக்கிறீர்களா பாருங்கள். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுப்பதை விட்டுவிட்டு, உங்களுக்கும் அப்பாவுக்கும் மாதச் சம்பளம் என்று ஒரு தொகை எழுதுங்கள். எழுதாத வரை லாபம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

பாக்கி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டப்படியும், குறு, சிறு உற்பத்தியாளருக்குக் காலத்தில் பணம் தராமல் வருஷக் கடைசியிலும் பாக்கி வைக்கும் வியாபாரி அதை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. இதற்கெல்லாம் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முக்கியம். வழக்குப் போடச் சொல்லவில்லை, பழகிய டீலரிடம் அது உறவைக் கெடுக்கும். ஆனால் பில்லில் உத்யம் எண்ணையும் "45 நாள்" என்பதையும் அச்சடியுங்கள். மார்ச் மாதம் வந்தால் அவருடைய ஆடிட்டரே அவரை அவசரப்படுத்துவார்.

விளக்குத்தூண் ஃபேன்சி:

எனக்குக் கடைதான், தயாரிப்பு இல்லை. உத்யம் பதிவு வைத்திருக்கிறேன். எனக்கும் இந்த 45 நாள் பொருந்துமா?

தெற்குவாசல் கணக்கு:

பொருந்தாது. 2021-ல் சில்லறை, மொத்த வியாபாரிகளை உத்யத்தில் சேர்த்தது வங்கிக் கடனுக்கான முன்னுரிமைக்கு மட்டும்.

சிந்தாமணி அப்பளம்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. அந்த வகுப்புக்கு இப்போதைக்குப் பணம் கட்டவில்லை.

ஒரு தயக்கம் மட்டும். அப்பாவுக்கு வெளியாளிடம் நோட்டைக் காட்டுவதில் விருப்பமில்லை. சிந்தாமணியில் அடுத்தடுத்த தெருவில் எல்லாம் அப்பளம்தான். எங்கள் கேரளா பார்ட்டி யார், என்ன ரேட் என்று வெளியே போனால் நாளைக்கே ஐந்து ரூபாய் குறைத்துப் பேச ஆள் போய் நிற்பார்.

பல்கலை நகர்:

அப்பாவின் பயம் நியாயமானது, ஆய்வும் அதையே சொல்கிறது. சீனாவின் நான்சாங் நகரத்தில் 2,800-க்கும் மேற்பட்ட இளம் நிறுவனங்களை எடுத்து, ஒரு பகுதி முதலாளிகளைச் சிறு சிறு குழுவாக்கி ஓராண்டு மாதந்தோறும் சந்திக்க வைத்தார்கள். யாரும் வகுப்பு எடுக்கவில்லை, ஒருவர் கம்பெனிக்கு மற்றவர்கள் போய்ப் பார்ப்பதும் பேசுவதும்தான். சந்தித்தவர்களின் விற்பனை மற்றவர்களை விட 8 விழுக்காடு கூடுதலாக ஏறியது. ஆனால் போட்டியாளர்கள் ஒரே குழுவில் விழுந்தபோது, வியாபாரத் தகவலைத் தங்களுக்குள் மறைத்துக்கொண்டார்கள். ஆகவே அப்பளக்காரரிடம் போகாதீர்கள். வேறு தொழில்காரராகப் பாருங்கள்.

புதூர் லேத்:

தம்பி, நான் வருகிறேன். எனக்கு அப்பளம் சாப்பிட மட்டும்தான் தெரியும். பார்ட்டி பெயரை மறைத்து வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் ஷெட்டில் இருக்கட்டும். தனிச் செய்தியில் வழி அனுப்புங்கள்.

திருமங்கலம் ரப்பர்:

நல்ல இழை. கப்பலூர்ப் பக்கம் ரப்பர் மோல்டிங் செய்கிறேன். பல்கலை நகர் சார் சொன்ன நான்சாங் மாதிரி நாங்கள் சில பேர் ஏற்கெனவே கூடுகிறோம். ரப்பர், பேக்கரி, பிரிண்டிங், மர வேலை என்று ஆளுக்கொரு தொழில். ஒரே தொழிலில் இரண்டு பேர் கிடையாது. வருகிறவர் ஒரு எண்ணைக் கொண்டுவர வேண்டும், கதை வேண்டாம். இந்த மாதம் ரிஜெக்ட் எவ்வளவு, பாக்கி எத்தனை நாள், வேலையை விட்டுப் போனவர் எத்தனை பேர், இந்த மாதிரி. யாரும் யாருக்கும் பாலிசி, இயந்திரம், சீட்டு எதுவும் விற்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மீறியதால் ஒருவரை நிறுத்தியும் இருக்கிறோம்.

மெஸ் அண்ணன் யார் வருவார் என்று கேட்டதற்கு: மதுரைச் சிறு தொழில் சங்கமான மடீட்சியாவிலும், 1924-ல் தொடங்கிக் காமராசர் சாலையில் இருக்கும் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கத்திலும் உறுப்பினராகிவிட்டு, கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் பேச்சுக் கொடுங்கள். மேடையில் கேட்பதை விட அங்கேதான் ஆள் கிடைப்பார். மாவட்டத் தொழில் மையத்தில் மானியம் மட்டுமல்ல, யார் எதில் தேர்ந்தவர் என்ற விவரமும் கேட்கலாம். தயாரிப்புத் தொழில் என்றால் வீணாவதைக் குறைக்க மத்திய அரசின் லீன் திட்டம் இருக்கிறது. ஷெட்டுக்கே வந்து வேலை முறையைச் சீராக்கும் ஆலோசகர் கட்டணத்தில் 90 விழுக்காட்டை அரசு ஏற்கும் என்று 2023-ல் அறிவித்தார்கள். அறுபதாயிரம் கொடுப்பதற்கு முன் இதை விசாரித்திருக்க வேண்டும் எல்லோரும்.

புதூர் லேத்:

ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். தம்பி எழுதச் சொன்னதால் பார்த்ததை எழுதுகிறேன்.

ஷெட் சுத்தம். பெண்கள் கை வேகம் பார்க்கவே ஆச்சரியம். உருண்டையை வைத்து இரண்டு இழுப்பு, வட்டம் விழுந்துவிடுகிறது. பெரியவர் என்னிடம் முதலில் பேசவில்லை. நான் பாக்கெட் போடும் இடத்தில் உட்கார்ந்தேன். 200 கிராம் பாக்கெட்டை எடை போடாமல், இந்த சைஸ் என்றால் இத்தனை எண்ணம் என்று எண்ணிப் போட்டு ஒட்டுகிறார்கள். வேகமாக நடக்கிறது. நான் பத்துப் பாக்கெட்டை எடுத்துத் தராசில் வைத்தேன். 203-லிருந்து 216 கிராம் வரை இருந்தது. சராசரி 209. ஒரு அக்கா கொஞ்சம் கனமாகத் தேய்ப்பார், இன்னொருவர் மெல்லிசாக. எண்ணம் ஒன்றுதான், எடை வேறு.

9 கிராம் என்றால் ஒன்றுமில்லாத மாதிரி தெரியும். நூறு பாக்கெட்டுக்கு 900 கிராம், அதாவது நாலரைப் பாக்கெட் மாவு. இவர்களுக்கு நூற்றுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று தம்பி சொன்னதோடு வைத்துப் பார்த்தால் அது சின்னத் தொகை இல்லை.

பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "காயக் காய எடை குறையும் தம்பி. கேரளா போய்ச் சேர்றதுக்குள்ள குறைஞ்சு, 200-க்குக் கீழ போனா கேஸு. அதுக்குத்தான் கூடப் போடுறது." இது எனக்குத் தெரியாத சங்கதி. இரும்பு காயாது. நான் கேட்டேன்: "எவ்வளவு குறையும் அய்யா?" அவர் யோசித்தார். யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஒட்டிய பாக்கெட் சிலவற்றில் தேதியும் எடையும் எழுதி அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மூன்று வாரம் கழித்து நிறுப்பதாகப் பேச்சு.

சிந்தாமணி அப்பளம்:

அலமாரிப் பாக்கெட்டை நேற்று நிறுத்தோம். கவருக்குள் இருப்பதால் இரண்டு மூன்று கிராம்தான் குறைந்திருக்கிறது. அப்பாவே தராசைப் பிடித்துப் பார்த்தார். 204 வைக்கலாம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். பாக்கெட் போடும் இடத்தில் இப்போது தராசு இருக்கிறது. வேகம் கொஞ்சம் குறைந்தது உண்மை. அதைச் சரிக்கட்ட, எண்ணிப் போட்டுக் கடைசி ஒன்றை மட்டும் தராசு பார்த்துப் போடுகிறார்கள். கனமாகத் தேய்க்கும் அக்காவை யாரும் குறை சொல்லவில்லை. உருண்டையை நிறுத்துக் கொடுத்தால் தானாகச் சரியாகிறது என்று அவரே சொன்னார், அப்படியே செய்கிறோம்.

இன்னொன்று. லேத் அண்ணன் போகும்போது கேட்டார், "உளுந்தைக் கடனுக்கு வாங்கினால் குவிண்டாலுக்கு எவ்வளவு கூட?" அப்பா உடனே சொன்னார், மாதக் கடனுக்கு 200 ரூபாய் என்று. அந்த 200 எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் குவிண்டால் பத்தாயிரத்துக்கு மாதம் 200 என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு 24 வட்டி என்று வைத்துப் பார்த்ததில்லை. அதே நேரத்தில் எங்கள் பணம் இரண்டு பெரிய டீலரிடம் வட்டி இல்லாமல் நிற்கிறது. அவர்களில் ஒருவருக்கு, 15 நாளில் தந்தால் நூற்றுக்கு ஒன்று தள்ளுபடி என்று சொல்லியிருக்கிறோம். ஒத்துக்கொண்டார். இன்னொருவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

தெற்குவாசல் கணக்கு:

அருமை. மண்டிக் கடனுக்குப் பதில் வங்கியில் ஓசிசி (சரக்கிருப்பின் பேரில் வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன்) கேட்டுப் பாருங்கள், வட்டி அதை விட நன்றாகக் குறையும். சொத்து ஈடு வைக்க மனமில்லையென்றால் சிஜிடிஎம்எஸ்இ என்கிற சிறு தொழில் கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் தருவார்களா என்று மேலாளரிடம் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நீங்களாகக் கேட்டால்தான் பேச்சே எழும்.

மேலமாசி மெஸ்:

நிறுத்துப் பார்த்ததும் நல்லது, பெரியவரிடம் கேட்டதும் நல்லது. என் எண்ணம் முழுக்க மாறிவிடவில்லை. இந்த லேத் அண்ணன் மாதிரி ஆள் ஊருக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள்? நூறில் தொண்ணூறு பேருக்குக் கோட் போட்டவர்தான் வந்து மாட்டுவார். அதைச் சொல்ல வேண்டியது என் கடமை.

பல்கலை நகர்:

அதை மறுக்க முடியாது. இன்னொரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். மும்பை ஆலைகளுக்கு ஒன்பது ஆண்டு கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். புகுத்திய பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் வேலையை விட்டுப் போனது ஒரு காரணம், முதலாளிக்கு நேரமில்லாமல் போனது இன்னொரு காரணம். அப்படியும் ஆலோசனை பெற்ற ஆலைகள் மற்றவற்றை விட மேலேதான் இருந்தன. ஆகவே தராசு நோட்டு உங்கள் கையில் மட்டும் இருக்க வேண்டாம் தம்பி.

சிந்தாமணி அப்பளம்:

பாக்கெட் பகுதியை மேய்க்கும் அக்காவிடம்தான் இருக்கிறது சார். ஞாயிறு தோறும் அப்பா கேட்டு வாங்கிப் பார்க்கிறார்.

சுங்குடி வீடு:

திருமங்கலம் அண்ணனிடம் ஒரு கேள்வி. உங்கள் கூட்டம் எத்தனை மணிக்கு, எங்கே? இந்த மாதிரிக் கூட்டம் எல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல், நாலு வழிச்சாலை ஓரத்து ஓட்டலில் என்று வைக்கிறீர்கள். என்னைப் போன்ற பெண்கள் எப்படி வருவது? மதுரையில் சின்னதாகத் தொழில் செய்யும் பெண்கள் மசாலா, தையல், அழகு நிலையம், ஊறுகாய் என்று எவ்வளவு பேர் இருக்கிறோம். வழிகாட்ட ஆள் இல்லாமல் அதிகம் தவிப்பது நாங்கள்தான். சுய உதவிக் குழுவில் கடனைப் பற்றிப் பேசுகிறோம், விலை போடுவதைப் பற்றிப் பேசுவதில்லை.

திருமங்கலம் ரப்பர்:

அக்கா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் குழுவில் பெண்கள் இல்லை, நேரமும் இடமும்தான் காரணம். தனிக் குழுவாகவே தொடங்குங்கள். பகல் பதினொரு மணிக்கு, பஸ் வசதி உள்ள இடமாக, ஒருவர் கடையிலேயே மாற்றி மாற்றி வைக்கலாம். முதல் இரண்டு கூட்டத்துக்கு எங்களில் ஒருவர் வந்து எப்படி நடத்துகிறோம் என்று காட்டிவிட்டு விலகிக்கொள்கிறோம். விருப்பமுள்ளவர்கள் இங்கேயே தொழிலையும் பகுதியையும் மட்டும் எழுதுங்கள்.

அனுப்பானடி மசாலா:

நான் வருகிறேன் அக்கா. சாம்பார்பொடி, இட்லிப்பொடி. என்ன கொண்டுவர வேண்டும்?

சுங்குடி வீடு:

போன மாதம் மிளகாய் வாங்கிய பில்லும், நீங்கள் பாக்கெட் விலையை எப்படிப் போட்டீர்கள் என்ற கணக்கும். கணக்கு மனதில்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை, அங்கே உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். முதல் கூட்டம் எங்கள் வீட்டில், செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. வழியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.